ஆறு எண்ணில் நாட்டை அடக்கியவர்!

மும்பை தாராவியில் ஒருவர் கடிதம் எழுதுகிறார். ஊரில் இருக்கும் தாய்க்கு எழுதும் கடிதம் அது. ஊர், விளாத்திகுளம்.

கவரை ஒட்டித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அவர் வேலைக்குப் போய்விடுகிறார்.

இரண்டு ஊருக்கும் நடுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். மராத்தி பேசும் ஊர்களைத் தாண்ட வேண்டும். கன்னடமும் தெலுங்கும் பேசும் சீமைகளைத் தாண்ட வேண்டும். மும்பையில் கடிதத்தைப் பிரிக்கும் ஊழியர் விளாத்திகுளம் என்ற பெயரைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். அது கரிசல் பூமியா, கடலோரமா என்பது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.

கடிதம் வந்து சேர்ந்துவிடுகிறது!

எப்படி? விலாசத்தின் கடைசியில் ஆறு எண்கள் இருக்கின்றன. 628907. அந்த எண்கள்தான் கடிதத்தைக் கைப்பிடித்து அழைத்து வருகின்றன.

விளாத்திகுளத்துக்கு மட்டுமா? காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி வரை, கடிதம் போகும் ஊருக்கெல்லாம் இப்படி ஓர் எண் உண்டு. இந்த ஏற்பாட்டை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். பின்கோடு தந்தவர் என்று நாடு அறிந்த மனிதர்.

அவர் கணக்குப் பேராசிரியர் அல்ல. எந்திரப் பொறியாளரும் அல்ல. அவர் ஒரு கவிஞர்!

இரட்டைக் குதிரை

வேலங்கர் மராட்டியர். 1915-ம் ஆண்டு பிறந்தார். அவர் உள்ளத்தைக் கவர்ந்தது வடமொழி. படிப்பதோடு நிற்கவில்லை. அந்த மொழியில் கவிதை எழுதினார், நாடகம் எழுதினார். வாழ்நாளில் அவர் எழுதியவை நூற்றுக்கு மேல்.

காளிதாசன் வாழ்வை வைத்து "காளிதாச சரிதம்" எழுதினார். வீராங்கனை ராணி துர்காவதியை நாடகம் ஆக்கினார். பால கங்காதர திலகரைப் பற்றித் "திலகாயனம்" எழுதினார். இந்தத் திலகரைத்தான் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளையும், எட்டயபுரத்தில் பிறந்த பாரதியும் தலைவராகக் கொண்டாடினார்கள். இரண்டு ஊரும் விளாத்திகுளத்துக்கு அக்கம் பக்கம்தான்.

வேலங்கரின் படைப்புகளில் தலைசிறந்தது "விலோம காவியம்" என்பார்கள். அது விந்தையான நூல். முன்னிருந்து பின்னாகப் படித்தால் ராமன் புகழ். அதே எழுத்துகளைப் பின்னிருந்து முன்னாகப் படித்தால் கண்ணன் புகழ்! தமிழில் மாலைமாற்று என்று ஒரு வகைப் பாட்டு உண்டு. எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் ஒரே பாட்டாக இருக்கும். திருஞானசம்பந்தர் அப்படி ஒரு பதிகமே பாடியிருக்கிறார். வேலங்கர் எழுதியது அதற்கு உறவு. ஆனால் திருப்பிப் படித்தால் வேறு பொருள் வரும்.

இது ஒரு குதிரை.

இன்னொரு குதிரை, தபால் தந்தி இலாகா. அதில் அவர் மேல் பதவிக்கு உயர்ந்தார். தபால் தந்தி போர்டில் மூத்த உறுப்பினர் ஆனார். மத்திய செய்தித் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலாளராகவும் இருந்தார்.

பகலில் தபால், மாலையில் காவியம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்க வேண்டும், ஒன்று பிசகினாலும் பாட்டு கெடும் என்று பழகிய மனிதர் அவர். அந்தப் பழக்கம் தபாலுக்கு எப்படி உதவியது என்பதைப் பார்க்கலாம்.

ஊர் பெருகியது

நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த தபால் நிலையங்கள் 23,344.  கிராமத்து மக்கள் கடிதம் போடப் பல மைல் நடந்தார்கள்.

விடுதலைக்குப் பின் கிராமம் கிராமமாகத் தபால் நிலையம் திறந்தார்கள். 1968-ம் ஆண்டு, ஒரு லட்சமாவது தபால் நிலையம் பீகாரில் திறக்கப்பட்டது. அந்த மகிழ்ச்சியைக் கொண்டாடத் தனித் தபால் தலையும் வெளியிட்டார்கள்.

இருபது ஆண்டில் நான்கு மடங்கு! மகிழ்ச்சிதான். ஆனால் கடிதத்தைப் பிரிக்கும் ஊழியருக்குத் தலைவலி.

கடிதங்களைப் பிரிக்கும் இடத்தில் மரச் சட்டம் ஒன்று நிற்கும். புறாக்கூண்டு போலச் சிறு சிறு அறைகள். ஊழியர் விலாசத்தைப் படித்து, எந்த ஊர்க் கடிதம் எந்த அறைக்கு என்று வீசுவார். ஓடும் ரெயிலிலும் இந்த வேலை நடக்கும். 1863-ல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் நடுவே அப்படித் தொடங்கியது. ஆர்.எம்.எஸ். என்று சிவப்புப் பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான். இரவெல்லாம் ரெயில் ஓடும். உள்ளே ஊழியர்கள் நின்றபடியே கடிதம் பிரிப்பார்கள்.

எந்த ஊர், எந்த ஜில்லா, எந்த ரெயில் பாதை, எந்த ஸ்டேஷனில் பை இறங்க வேண்டும், எல்லாம் மனப்பாடம். தேர்ந்த ஊழியர் ஆயிரக்கணக்கான ஊர்களைத் தலைக்குள் வைத்திருப்பார். அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும்!

ஒரு லட்சம் ஊரை மனப்பாடம் செய்ய யாரால் முடியும்?

பெயர்க் குழப்பம்

அதோடு பெயர்க் குழப்பம் வேறு.

இமாசலப் பிரதேசத்தில் ஒரு பிலாஸ்பூர். சத்தீஸ்கரில் இன்னொரு பிலாஸ்பூர். உத்தரப் பிரதேசத்தில் ஒரு ஹமீர்பூர். இமாசலத்தில் இன்னொன்று. பிரதாப்கர் என்றால் ராஜஸ்தானிலும் உண்டு. உத்தரப் பிரதேசத்திலும் உண்டு.

அவ்வளவு தூரம் போவானேன்? விளாத்திகுளத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புதூர் இருக்கிறது. மதுரையிலும் ஒரு புதூர் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை புதூர் என்று எண்ணத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும்.

ஒரே ஊருக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. தூத்துக்குடியை வெள்ளைக்காரன் டூட்டிகொரின் என்று எழுதினான். கோழிக்கோடு காலிகட் ஆனது. தமிழர் ஒன்று எழுத, ஆங்கிலம் படித்தவர் வேறு எழுதினார்.

மொழிக் குழப்பம் எல்லாவற்றையும்விடப் பெரியது. விளாத்திகுளம் என்று தமிழில் எழுதிய கடிதம் லக்னோவில் போடப்பட்டால், அங்கே இருப்பவர் எப்படிப் படிப்பார்? வங்காளியில் எழுதிய கடிதம் தூத்துக்குடிக்கு வந்தால், இங்கே இருப்பவர் என்ன செய்வார்? எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று சொல்லலாமா? 1971-ம் ஆண்டு மக்கள் கணக்குப்படி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே நூற்றுக்கு 30 பேருக்குக் குறைவு.

கடிதம் தவறினால் என்ன போயிற்று என்று இன்று கேட்கலாம். அன்று கிராமத்தில் டெலிபோன் ஏது? மகன் அனுப்பும் மணியார்டரில் வீட்டில் அடுப்பு எரிந்தது. வேலைக்கு வரச் சொல்லும் உத்தரவு கடிதத்தில் வந்தது. பேரன் பிறந்த செய்தி வந்தது. பெரியவர் மறைந்த செய்தியும் வந்தது. பிலாஸ்பூருக்குப் போக வேண்டியது பிலாஸ்பூருக்கே போனது, ஆனால் வேறு பிலாஸ்பூர் என்றால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன?

முத்தும் சல்லடையும்

வேலங்கர் வகுத்த வழியைப் புரிந்துகொள்ளத் தூத்துக்குடி முத்துச் சலாபத்தை நினைத்துக்கொண்டால் போதும்.

1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே கடைசி. அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் முத்து எடுத்தார்கள். எடுத்த முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள்? ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இது பெரிது, இது சிறிது என்று பார்த்தால் வேலை முடியாது.

சலாபத்து வியாபாரிகள் பித்தளையில் செய்த சல்லடைத் தட்டுகள் வைத்திருந்தார்கள். மொத்தம் பத்துத் தட்டு. முதல் தட்டில் 20 துளை. அடுத்ததில் 30. பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1,000. துளை கூடக் கூட அதன் அளவு சிறியதாகும். முத்துக் குவியலை முதல் தட்டில் கொட்டிக் குலுக்கினால் மிகப் பெரிய முத்து மேலே நின்றுவிடும். மற்றவை கீழே இறங்கும். அடுத்த தட்டில் அடுத்த அளவு நிற்கும். பத்துத் தட்டு முடிவதற்குள் குவியல் முழுவதும் வகை வகையாகப் பிரிந்துவிடும்.

ஒரு தட்டில் ஒரு கேள்விதான். ஆனால் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும்.

பின்கோடு அப்படிப்பட்ட சல்லடைதான். ஆறு தட்டுச் சல்லடை!

எட்டுப் பெரிய வட்டம்

முதலில் நாட்டை எட்டு மண்டலம் ஆக்கினார்கள். வடக்கே டெல்லிப் பக்கம் 1. உத்தரப் பிரதேசம் 2. பிறகு மேற்கே இறங்கி, ராஜஸ்தானும் குஜராத்தும் 3. மராட்டியமும் மத்தியப் பிரதேசமும் 4. ஆந்திரமும் கன்னட நாடும் 5. தெற்கே தமிழ்நாடும் கேரளமும் 6. அங்கிருந்து கிழக்கே ஏறினால் வங்காளம், ஒரிசா, அசாம் பக்கம் 7. பீகார் 8. தேசப் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். வடக்கே தொடங்கிய விரல் மேற்கே இறங்கி, தெற்கே வந்து, கிழக்கே ஏறி நிற்கும்.

ஒன்பது என்ன ஆயிற்று? அது ராணுவத்துக்கு. பட்டாளம் ஓர் இடத்தில் நிற்பதில்லை. இன்று மலையில் இருக்கும் படை நாளை பாலைவனத்தில் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்பதும் ரகசியம். ஆகையால் நிலத்தோடு ஒட்டாத தனி எண் கொடுத்தார்கள். தாய் தன் மகனுக்கு எழுதுவாள். அவன் எந்த ஊரில் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. கடிதத்துக்குத் தெரியும்!

இரண்டாவது எண், மண்டலத்துக்குள் ஒரு பகுதி. 62 என்றால் தமிழ்நாட்டின் தென்பாதி. திருச்சியும் மதுரையும் நெல்லையும் குமரியும் இதில் வரும்.

மூன்றாவது எண் சேர்ந்தால், கடிதங்களைப் பிரிக்கும் மாவட்டம் தெரிந்துவிடும். 625 மதுரை. 627 திருநெல்வேலி. 628 தூத்துக்குடி. 629 நாகர்கோவில் பக்கம்.

கடைசி மூன்று எண்களும் தபால் நிலையத்தைக் காட்டும். 001 என்றால் பெரும்பாலும் தலைமைத் தபால் நிலையம். தூத்துக்குடித் தலைமை நிலையம் 628001. கடைசி மூன்றிலும் ஊர்கள் கூட்டம் கூட்டமாகவே நிற்கின்றன. கோவில்பட்டி 628501. ஸ்ரீவைகுண்டம் 628601. எட்டயபுரம் 628902. நாகலாபுரம் 628904. வேம்பார் 628906. விளாத்திகுளம் 628907. கரிசல் காட்டு ஊரும், பக்கத்துக் கடற்கரை ஊரும் 9-ல் ஒன்றுகூடி விட்டன.

சுற்றியுள்ள சின்னக் கிராமங்களின் கிளைத் தபால் நிலையங்கள் பெரிய நிலையத்தின் எண்ணையே வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தபால் நிலையங்கள் இருந்தும் பின்கோடுகள் சுமார் 19,000 மட்டும்.

தாராவிக் கடிதம்

இனி அந்தத் தாராவிக் கடிதத்தைத் தொடர்ந்து போகலாம்.

மும்பை ஊழியர் கவரைப் பார்க்கிறார். ஊர்ப் பெயர் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. 6 என்ற எண் தெரிகிறது. தெற்குக் கட்டு. முடிந்தது அவர் வேலை! அடுத்த இடத்தில் 62 பார்க்கிறார்கள். அதற்கு அடுத்து 628. தூத்துக்குடிப் பையில் விழுகிறது. தூத்துக்குடியில் பை அவிழ்ந்ததும் கடைசி மூன்று எண்களைப் பார்க்கிறார்கள். 907. விளாத்திகுளம் கட்டு. அங்கே வந்த பிறகுதான் யாராவது பெயரையும் தெருவையும் நின்று படிக்கிறார்கள். அதைப் படிப்பவர் உள்ளூர்த் தபால்காரர். தமிழ் தெரிந்தவர். அந்தக் குடும்பத்தையே தெரிந்தவர்!

வழியில் எவரும் லட்சம் ஊரை மனப்பாடம் செய்யவில்லை. ஒரு முறை பிரிக்கப் பத்து அறை. அடுத்த முறை இன்னொரு பத்து. எண்களை மட்டும் தெரிந்தவர் போதும்.

விலாசத்தை நாம் எப்படி எழுதுகிறோம்? முதலில் பெயர். பிறகு வீடு, தெரு, ஊர், மாவட்டம். சின்னதில் தொடங்கிப் பெரியதில் முடிக்கிறோம். தபால் ஊழியருக்கோ பெரியது முதலில் வேண்டும். அவர் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டியிருந்தது. பின்கோடு அதைத் திருப்பிப் போட்டது. பெரிய வட்டம் முதலில், சின்ன ஊர் கடைசியில். முன்னும் பின்னும் படிக்கத்தக்க காவியம் எழுதியவருக்கு இது பொருத்தமான வேலைதான்!

இன்னொரு நன்மையும் உண்டு. எண்ணைத் தவறாக எழுதினாலும், எந்த எண் தவறு என்பதைப் பொறுத்தே கஷ்டம். விளாத்திகுளத்துக்கு 628907 என்பதற்குப் பதில் 628906 என்று எழுதினால் கடிதம் வேம்பாருக்குப் போகும். பக்கத்து ஊர்தான். மறுநாள் திரும்பிவிடலாம். முதல் எண்ணில் 6-க்குப் பதில் 4 என்று போட்டால் போச்சு! கடிதம் மராட்டியம் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் மூன்று எண்களைக் கவனித்து எழுத வேண்டும்.

யார் எல்லை?

ஊர்களை எதை வைத்துக் கூட்டுச் சேர்ப்பது? இங்கேதான் நுட்பம் இருக்கிறது.

கலெக்டர் எல்லையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மொழியை வைத்துச் சேர்க்கலாம். ஆனால் கடிதம் அந்த வழியில் போவதில்லை. ரெயிலும் பஸ்ஸும் கப்பலும் போகும் வழியில்தான் போகிறது. ஆகவே மண்டலம் மாநிலங்களை ஒட்டி இருந்தாலும், உள்ளே போகப் போகத் தபால் பை போகும் பாதைக்கே முதல் இடம் கொடுத்தார்கள்.

புதுச்சேரி சர்க்காரின் கீழ் நான்கு ஊர்கள் இருக்கின்றன. ஆட்சி ஒன்று. ஆனால் புதுச்சேரி 605001. காரைக்கால் 609602. மாகி கேரளக் கரையில் இருக்கிறது. அதன் எண் 673310. ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் இருக்கிறது. அதன் எண் 533464. ஒரே சர்க்கார், ஆனால் எண் அங்கங்கே உள்ள அக்கம்பக்கத்தாரோடு!

அந்தமான் தீவுக்கு 7. வங்காளத்தோடு சேர்த்தார்கள். லட்சத்தீவுக்குக் கொச்சியின் எண்ணான 682.

தூத்துக்குடியே நல்ல சாட்சி. பின்கோடு வந்தபோது தூத்துக்குடியும் விளாத்திகுளமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. ஆனாலும் நெல்லைக்கு 627, தூத்துக்குடிக்கு 628 என்று தனித்தனி எண். பதினான்கு ஆண்டு கழித்து, 1986-ல்தான், தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. தபால்காரர்களுக்கு அது முன்பே தனி மாவட்டம்! 2019-ல் நெல்லையில் இருந்து தென்காசி பிரிந்தது. கலெக்டர் ஆபீஸ் புதிது; எல்லை புதிது. தென்காசியின் எண்ணோ பழைய 627811 தான்.

சுதந்திர வெள்ளி விழா

எண்ணால் கடிதம் அனுப்பும் யோசனை உலகில் இதுதான் முதல் தடவை என்று சொல்ல முடியாது. லண்டன் நகரம் பெருத்துப் போனபோது, தபால் சீர்திருத்தக்காரர் ரோலண்டு ஹில் 1857-ல் அதைத் திசை வாரியாகப் பத்து வட்டமாகப் பிரித்தார். ஜெர்மனி 1941-ல் எண் வைத்தது. அமெரிக்கா 1963-ல் ஐந்து எண் கொண்ட முறையைக் கொண்டுவந்தது.

ஆனால் அமெரிக்காவில் பெரும்பாலும் ஒரே மொழி. இந்தியாவிலோ மொழிக்கு மொழி எழுத்தே வேறு. இங்கே எண் வெறும் வசதி அல்ல. எல்லாருக்கும் பொதுவான ஒரே எழுத்து அதுதான். ஊர்ப் பெயரை எழுதத் தெரியாத பாட்டிகூட, ஆறு எண்ணைப் பார்த்து அப்படியே வரைந்துவிடலாம்.

1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி பின்கோடு நடைமுறைக்கு வந்தது. அன்று சுதந்திரத்தின் வெள்ளி விழா. நாடு விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த நாள்.

மக்கள் உடனே பழகிவிடவில்லை. இருபது முப்பது ஆண்டு எழுதிப் பழகிய கை, புதிதாக ஆறு எண்ணை எழுதுமா? எண் இல்லாத கடிதங்களையும் தபால் நிலையம் தள்ளிவிடாமல் சேர்த்தது. கார்டிலும் இன்லண்டு கடிதத்திலும் ஆறு கட்டம் அச்சடித்தார்கள். காலியாக இருக்கும் கட்டத்தைக் கண்டால் நிரப்பத் தோன்றும் அல்லவா? மெல்ல மெல்ல எண் பரவியது. கல்யாணப் பத்திரிகையிலும் கடைப் பலகையிலும் ஏறியது.

கடைசிக் காலம்

பின்கோடு வந்த மறு ஆண்டு வேலங்கருக்கு இன்னொரு பெரிய பொறுப்பு வந்தது. 1973-ல் டெல்லியில் உலகத் தபால் தலைக் கண்காட்சி நடந்தது. 120 நாடுகள் கலந்துகொண்டன. அதை நடத்தும் பொறுப்பு அவர் கையில். அந்த ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி அவர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு தபாலுக்குத்தான். வடமொழிக்கு இல்லை. பம்பாயில் "தேவ வாணி மந்திரம்" என்ற அமைப்பை அவர் நிறுவியிருந்தார். உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் வடமொழி ஆர்வத்தை வளர்ப்பது அதன் வேலை. 1996-ல் ஜனாதிபதி விருது அவருக்குக் கிடைத்தது. பின்கோடுக்கு அல்ல, வடமொழிப் புலமைக்கு!

அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் வகுத்த எண்ணை மனிதர் மட்டும் அல்லாமல் எந்திரமும் படிக்கத் தொடங்கியது. கடிதங்களைத் தானே பிரிக்கும் எந்திரங்கள் 1993-ல் பம்பாயிலும் 1996-ல் சென்னையிலும் வந்தன. எந்திரத்துக்குத் தமிழ் தெரிய வேண்டாம், மராத்தியும் வேண்டாம்.

1999-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மும்பையில் வேலங்கர் காலமானார். அவருக்கு வயது 83.

இன்று கடிதம் எழுதுபவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் செல்போனில் சேலைக்கு ஆர்டர் கொடுத்தாலும், பாங்கியில் கணக்குத் தொடங்கினாலும், ஆதாரில் விலாசம் மாற்றினாலும் முதலில் கேட்பது பின்கோடுதான். விளாத்திகுளத்தில் சாமான் கொண்டுவரும் பையன் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறான். கடைசி மூன்று எண் 907. தெருவைத் தேடி வண்டியைக் கிளப்புகிறான்.